கொடுக்க ஆளில்லாத பெண்

நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத என் பழனியம்மா அக்காவுக்கு,

என்னை அக்கா என்று கூப்பிட இவளுக்கு என்ன உரிமை என்று நீ கேட்கலாம். வயதைப் பார்த்தால் நீ எனக்குத் தங்கச்சியாகக்கூட இருந்திருப்பாய். இலங்கையில், மலை மேல் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில், கோதுமை மாவுகூடக் கிடைக்காமல் போன அந்தப் பஞ்ச வருஷத்தில் நீ கண்ணை மூடினாய். அப்போது உனக்கு முப்பது வயதாவது ஆகியிருந்ததா? எனக்குத் தெரியாது. ஆனால் நீ பெற்ற பிள்ளைகள் இரண்டையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பெற்றவள்தானே மூத்தவள். அதனால் அக்கா.

என் பெயர் திலகவதி. மாமல்லபுரத்தில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், அதனால் வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் லாரி ஓட்டுகிறார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் யாருக்குப் பிறந்தாலும் முதல் சட்டை நான்தான் தைத்துக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பானையை நங்கென்று வைப்பேன், அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியது உனக்குத் தெரிந்திருக்காது. அகதி முகாமுக்கு வந்த இரண்டாம் மாதம் அவரும் காய்ச்சலில் போய்விட்டார். அந்த முகாமுக்கு அரிசி ஏற்றிப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வந்தவர் சாப்பிட உட்காரவே இல்லை.

"இன்னாய்யா, உடம்பு சரியில்லயா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல திலகம். முகாம்ல ரெண்டு பசங்க கீது. அக்காவும் தம்பியும். அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் இல்ல. அந்தப் பொண்ணு தன் தட்டுல கீற சோத்தையும் அவனுக்கே ஊட்டிவுட்டுகினு கீது. பாத்துட்டு வந்ததுலேர்ந்து ஒரு மாரியா கீது."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பையனுக்கு இன்னா வயசு?" என்று கேட்டேன். பெண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என் லட்சணம்.

முகாமில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர். "கைக்குழந்தை இல்லம்மா, விவரம் தெரிஞ்ச பிள்ளைங்க. ரெண்டையும் பிரிக்கிறதா இருந்தா பேச்சே வேண்டாம்" என்றார். பிரிக்க மாட்டோம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மருதாயிக்குப் பன்னிரண்டு வயது, முருகையாவுக்கு எட்டு. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் அவனை உட்கார வைத்து, இவள் அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தத்து எடுத்தால் ஒரு வழக்கம். பெற்றவர்களோ அவர்களைச் சேர்ந்த பெரியவர்களோ பிள்ளையின் கையைப் பிடித்து நம் கையில் கொடுக்க வேண்டும். நாம் மஞ்சள் தண்ணீர் கரைத்துப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அதோடு அது நம் வீட்டுப் பிள்ளை. நல்ல நாள் பார்த்து நாலு பேரைக் கூப்பிட்டோம். என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் முன்னால் நின்றார்.

"பையனுக்குப் பண்ணு, போதும்" என்றார் அவர். "பொண்ணு இன்னா, நாளைக்கு இன்னொருத்தன் வூட்டுக்குப் போறதுதான? அதுக்கு இன்னாத்துக்கு சடங்கு? கூட இருந்துட்டுப் போவட்டும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அண்ணனோடு சண்டை போட்டிருப்பார். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

அடுத்த கேள்வி வந்தது. பையனைக் கொடுப்பது யார்? அப்பன் இல்லை, ஆத்தா இல்லை, மாமன் சித்தப்பன் யாரும் கப்பலேறவில்லை. எல்லாரும் முழித்துக்கொண்டு நின்றபோது மருதாயி முன்னால் வந்தாள். "நான் குடுக்குறேங்க" என்றாள். தம்பியின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். முருகையா மஞ்சள் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளித்தான். எல்லாரும் சிரித்தார்கள். டம்ளரை வாங்கி அவளே கொல்லையில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இவளுடைய கையைப் பிடித்து யாரும் யாரிடமும் கொடுக்கவில்லை. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்தை எப்படிச் சொல்ல? நான் எழுந்திருக்கும் முன்பே வாசல் தெளித்திருப்பாள். தண்ணீர் பிடித்திருப்பாள். மீன் கொண்டுவருகிற அஞ்சலை ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா திலகம், ஆளு வெச்சிகினியா? சுறுசுறுப்பா கீது. எங்க புட்ச்ச?" என்றாள். மருதாயி பக்கத்தில்தான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் என் பெண் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் மீனுக்குப் பேரம் பேசினேன்.

எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் முருகையா என்னை ஒரு தடவை அம்மா என்று கூப்பிட வேண்டும். அவன் கூப்பிடவில்லை. "இந்தாங்க", "ஏங்க", அதற்கு மேல் போகவில்லை. பசித்தால் அக்கா. காலில் முள் குத்தினால் அக்கா. நான் நெய் ஊற்றிப் பிசைந்த சோறு தட்டிலேயே காயும். அவள் சுட்ட காய்ந்த ரொட்டியைப் பாலில்லாத தேத்தண்ணியில் நனைத்து நாலு தின்பான். இந்த வீட்டில் அம்மா நானா, இந்தப் பெண்ணா என்று எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணோடு போட்டி! கேட்டால் காறித் துப்புவார்கள்.

சாயங்காலத்தில் இரண்டும் கடற்கரைக்குப் போய் உட்காரும். ஒரு நாள் பின்னாலேயே போனேன். "அந்தா, அந்தப் பக்கந்தான் நம்ம அம்மா. கொழுந்து பறிச்சுக்கிட்டு வாறப்ப நமக்குன்னு மடியில என்னமாச்சும் வச்சிருக்கும், ஞாபகம் இருக்கா?" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் "ம்" கொட்டிக்கொண்டிருந்தான். உன்னை மறக்கவிடாமல் அவனுக்குத் தினமும் உன்னை ஊட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. செத்துப்போன உன்மேல் எனக்குப் பொறாமை வந்தது. வீட்டுக்கு வந்து, இனிமேல் பழைய கதை எதுவும் இந்த வீட்டில் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டேன். உன் பேச்சை உன் பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கியவள் நான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரு வருஷம் ஆகியிருக்கும். முருகையாவுக்கு அம்மை போட்டது. வேப்பிலையை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு "அக்கா, அக்கா" என்று முனகினான். அவள் ஓடி வந்தாள். வாசலிலேயே மறித்தேன்.

"நீதான கையப் புட்சி குட்த்த? குட்த்தத திருப்பிப் புடுங்கப் பாக்கறியா?" என்று கத்தினேன்.

அவள் இரண்டடி பின்னால் போனாள். அன்றிலிருந்து அவனைத் தொடவே இல்லை. அம்மை இறங்கி அவன் எழுந்து அவளைத் தேடி வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். அவன் அழுவான். நான் தூக்கிக்கொள்ளப் போனால் உதைப்பான். இத்தனைக்கும் நான் என்னைத் திருத்திக்கொள்ளவில்லை. இவள் கண்ணில் படுவதால்தான் அவன் ஒட்டமாட்டேன் என்கிறான் என்று முடிவு கட்டினேன்.

செங்கல்பட்டில் ஒரு வக்கீல் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றி வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்து நானே கொண்டுபோய் விட்டேன். தெருவில் கேட்டவர்களிடம், அங்கே தங்கிப் படிக்கிறாள் என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "தம்பிக்கு ஈரத்தலையோட வெளிய போனா சளி பிடிச்சுக்குங்க." என் வீட்டுக்காரர் வந்து விஷயம் தெரிந்ததும், "இன்னா பொம்பள நீ? கையெழுத்து போட்டுட்டு வந்தோமே" என்றார். அவளே போகிறேன் என்று சொன்னதாக அவரிடமும் பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. போய்க் கூப்பிட்டிருக்கிறார். "நானாத்தான் வந்தேங்க" என்று அவளும் சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

போன தை மாதம் ஒரு நாள் காலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய முருகையா வாசற்படியில் நின்று திரும்பினான். "அம்மா, போயிட்டு வாறேன்" என்றான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷினை மூடி வைத்தேன். சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். சாயங்காலம் வந்தவனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவன் தட்டைத் தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப அக்காவக் கூட்டிக்கிட்டு வந்துருவீங்களா?" என்றான்.

"ஏன்டா கண்ணு?"

"நான் உங்கள அம்மான்னு கூப்பிடாததுனாலதானே அக்காவ அனுப்பிச்சீங்க? இனிமே தெனம் கூப்பிடுறேன்."

பத்து வயதுப் பையன் ஒரு வருஷமாக இதை யோசித்து யோசித்து, வேறு வழியில்லாமல் உன்னுடைய பெயரை எடுத்து என்னிடம் கொடுத்திருக்கிறான். நான் அதற்குப் பொங்கல் வைத்துக் கொண்டாடியிருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், அக்கா. அவன் பயந்துபோய், "அம்மா, அம்மா" என்றான். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாளே முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனேன். வக்கீல் வீட்டம்மா வாசலிலேயே, "நல்ல பொண்ணும்மா. பெரியவளாகி ரெண்டு மாசம் ஆச்சு. மூணு நாள் உக்காரச் சொன்னோம், அப்புறம் பழையபடி வேலை பாக்குறா" என்று சாதாரணமாகச் சொன்னார். தலையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. புதுத்துணி இல்லை. ஊரில் யாருடைய பெண் பெரியவளானாலும் ராத்திரியோடு ராத்திரியாகப் பாவாடை தைத்துக் கொடுப்பவள் நான். உன் பெண்ணுக்கு ஒரு முழத் துணி வெட்டவில்லை.

மருதாயி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தம்பி நல்லா இருக்கானாங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். "வாம்மா, வீட்டுக்குப் போலாம். உனக்கும் மஞ்சத்தண்ணி குடுத்து என் பொண்ணாவே கூட்டிகினு போறேன்" என்றேன். அவள் கைகளைப் பிடிக்கப் போனேன். பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தம்பியக் கேட்டீங்க, நான் குடுத்தேன். என்னைய குடுக்க யாருங்க இருக்கா?" என்றாள். பிறகு, முதல் தடவையாக அவள் குரலில் கோபத்தைக் கேட்டேன். "எங்கம்மாவக் கேளுங்க. எங்கம்மாவப் பத்திப் பேசக் கூடாதுன்னீங்கள்ல? அதுகிட்டயே போய்க் கேளுங்க."

அதனால்தான் கேட்கிறேன். உன் மகள் மருதாயியை எனக்குக் கொடுப்பாயா, அக்கா?

உன்னால் பதில் சொல்ல முடியாது. சொல்லாததைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். அவள் பேசாமல் இருந்ததையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுதான் இவ்வளவும் கெட்டது. முருகையாவிடம், உனக்கு அம்மா பழனியம்மாதான், என்னை உனக்குத் தோன்றுகிறபடி கூப்பிடு என்று சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் தினமும் உன் பேச்சுதான். நீ மழையில் நனைந்து வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முதுகில் ஆவி பறக்குமாமே? சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அஞ்சலையைக் கூப்பிட்டு, அன்றைக்கு நெத்திலி ஆய்ந்தது என் வேலைக்காரி இல்லை, என் மகள், படிக்கிறாள் என்று நான் சொன்னது பொய் என்றும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் மீன் கொடுக்கவில்லை. சரிதான் என்று இருந்தேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். தெருவே படிக்கட்டும். அந்த வக்கீல் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். மருதாயி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்குப் புரியட்டும் என்றுதான் சின்னச் சின்ன வார்த்தையாகப் போட்டு எழுதியிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் என் வீட்டுக்காரரும் முருகையாவும் அந்த வீட்டு வாசலுக்கு எதிரே போய் நிற்போம். கூப்பிட மாட்டேன். கையைப் பிடித்து இழுக்க மாட்டேன். அவள் வராவிட்டால் தம்பியை மட்டும் அவளிடம் அனுப்பிவிட்டு வெளியிலேயே இருப்பேன். அவள் வந்தால், பழனியம்மாவின் மகள் வந்தாள் என்று சொல்லித்தான் என் வீட்டுக்குள் அழைத்துப் போவேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் சரி.

மருதாயி, இதுவரைக்கும் எழுத்துக் கூட்டி வந்துவிட்டாயா? போன ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றபோது மாடி ஜன்னலில் உன்னைப் பார்த்தேன். தம்பி ஈரத்தலையோடு வரவில்லை, துவட்டித்தான் கூட்டி வந்தேன்.

அக்கா, உன் மகனை வாங்கிக்கொண்டு, உன் மகளை வெளியே நிறுத்திய தங்கச்சி,
திலகவதி