ஒரு சொட்டும் கசியாத எஞ்சின்

உன் பைக் எஞ்சினில் ஆயில் இருந்தது. இன்று வியாழக்கிழமை காலை, அரியமங்கலம் பட்டறையில் பஷீர் பாய் என் கண் முன்னால் அதைப் பிரித்து உறுதி செய்தார். நிறையவே இருந்தது. ஆனால் அது மேலே ஏறவில்லை. ஆயிலை வடிகட்டி பம்ப்புக்கு அனுப்புகிற சிறிய வலையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மென்று துப்பிய மிட்டாய் போலச் சிவப்பாக ஏதோ ஒன்று அதை முழுக்க அடைத்திருந்தது. எஞ்சின் மூடியின் விளிம்பில், கசிவை நிறுத்தத் தடவுகிற பேஸ்ட் அது.

"பேஸ்ட் போட்டிருக்கானா சார், சுவத்துக்குப் பூச்சு பூசியிருக்கானா?" என்றார் பாய். "லேசாத் தடவணும். இவன் அப்பி வச்சிருக்கான். போல்ட்டை முறுக்கினா பாதி உள்ளதான் பிதுங்கும். அது காஞ்சு, பிஞ்சு, ஆயிலோட வந்து இங்க அடைச்சுக்கும். எந்தக் கடையில பண்ணாங்க? சொல்லுங்க, அவன் கையை ஒடைக்கணும்."

வலையைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது உன் கை.

நீ அதைத் தடவிய ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். நீ சாக்கை விரித்து எஞ்சினைத் திறந்து வைத்திருந்தாய். எல்லாம் எதிர்வீட்டு மாமி முந்தின நாள் சொன்ன ஒரு வார்த்தையால். "கோலம் போட்டு நிமிர்றதுக்குள்ள உங்க வண்டி வந்து அதுல கறுப்புப் பொட்டு வச்சுட்டுப் போயிடறது." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உனக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

"தெரியாத வேலை எதுக்குடா? பாய்கிட்ட விட்டா அரை நாள்ல முடிச்சிடுவார்" என்றேன்.

"கேமராவையே பிரிச்சு மாட்டுறவன்டா நான். நிருபர் உன்கிட்டேருந்து செய்தி கசியும். என் எஞ்சின்லேருந்து ஒரு சொட்டு கசியாது, பாரு."

சொன்னபடியே கசியவில்லை. மறு வாரம் மாமி ஒரு கிண்ணம் அக்காரவடிசல் கொடுத்தனுப்பினார். நீ அதை நம் பத்திரிகை ஆபீசுக்கே கொண்டுவந்து, போட்டோ பிரிவில் எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்து, எஞ்சின் கதையைச் சொன்னாய்.

சில மாதங்கள் கழித்து, டோல்கேட்டைத் தாண்டி, நல்ல வெயிலில், நேரான சாலையில் உன் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றது. பின்னால் லாரி வந்தது. சாவு வீட்டில் உன் மைத்துனர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "ஊரையே போட்டோ எடுக்கத் தெரிஞ்சுது. வண்டிக்கு ஆயில் பாக்கத் தெரியல." உன் மகள் நித்யா எழுந்து நின்றாள். "எங்கப்பா ஆயில் பாக்காம வண்டி எடுக்க மாட்டார் மாமா. இன்னொரு தடவை சொல்லாதீங்க." எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அந்த வண்டி மறுபடி ஓட வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

அதே ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டியையும் நீ திறந்து, அதே பேஸ்ட்டைப் போட்டு மூடினாய். அதில்தான் அவள் தினமும் தென்னூர் ஆஸ்பத்திரி லேபுக்குப் போய் வருகிறாள்.

பட்டறையிலிருந்து நேரே அங்கே போனேன். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தாள்.

"ஆயில் இருந்துச்சும்மா."

"நான் சொன்னேன்ல பெரியப்பா!" போனை எடுத்துவிட்டாள். "மாமாவுக்கு இப்பவே சொல்றேன்."

"இரு" என்று வலையைக் காட்டினேன். நிறத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற அவள் வண்டியில், மூடியைச் சுற்றி அதே சிவப்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என் வண்டிக்கு அப்பா கடைசியாப் பண்ணின வேலை இது. இதைப் போய் இன்னொருத்தர் பிரிக்கறதா? ஒரு சொட்டு ஒழுகினதில்ல, தெரியுமா?"

"வேற சத்தம் ஏதாவது வருதாம்மா?"

விரலைக் கோட்டிலிருந்து எடுத்தாள். பிறகு, "ரெண்டு நாளாப் பாலம் ஏறும்போது கடகடங்குது" என்று சாவியை என் கையில் வைத்தாள். நான் திரும்பியபோதுதான் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, அன்னைக்கு ட்யூப்ல மிச்சம் இருந்துச்சு. நீங்க கிளம்பினப்புறம் மாமிக்குப் பூ கொண்டுவர்றவர் வந்தார். அவர் வண்டியும் ஒழுகுதுன்னு அப்பா அதையும் பண்ணிக் கொடுத்தார்."

நீ அப்படித்தான். ஒருவருக்குச் செய்ததோடு உன்னால் நிறுத்த முடியாது. நாம் சேர்ந்து வேலை பார்த்த காலமெல்லாம் நான் விரும்பிய உன் குணம், இப்போது மூன்றாவது ஒரு வண்டிக்குள்ளும் இருக்கிறது.

மாமியிடம் போனேன். "அவன் பேர்கூடத் தெரியாதே எனக்கு. பூக்காரன்னுதான் கூப்பிடுவேன். போன வாரம் வந்தப்பக்கூட, அந்த போட்டோக்கார சார் புண்ணியத்துல வண்டி ஒழுகறதே இல்லை மாமின்னு சொன்னான்." பூக்கடைகளிலும் விசாரித்தேன். எட்டரை கிராமத்துப் பக்கத்து ஆள் என்றார் ஒருவர், இல்லை என்றார் மற்றவர். போன் நம்பர் யாரிடமும் இல்லை.

நித்யாவின் எஞ்சினை பாய் நாளை ஜும்மா தொழுகை முடிந்து திறக்கிறார். யார் கை என்று அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. மைத்துனரிடம் என்ன சொல்வது என்பதை நித்யா முடிவு செய்யவில்லை.

பூக்காரர் மாமி வீட்டுக்குச் சனி, ஞாயிறுகளில் மட்டும் வருகிறவர். நாளை முழுவதும் அவர் எந்தச் சாலையில் வண்டி ஓட்டுவார் என்று தெரியாது. சனிக்கிழமை விடியும் நேரத்தில் காவிரிப் பாலத்தில் ஏறுவார் என்கிறார்கள் பூக்கடைக்காரர்கள். அதற்கு முன்பே பாலத்தின் சிந்தாமணி முனையில் நின்றுகொள்வேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. பூ மூட்டையோடு வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்துவேன்.