ஊற்றிலிருந்து எழும்பிய பிறகு

மேல் பிரிவு லயம்,
பலாங்கொடை.
04.03.2024

அன்புள்ள ரிஸ்லாவுக்கு,

நீயும் உம்மாவும் உன் கணவர் நுஹ்மான் அண்ணனும் ஒரு வாய் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது.

உன் தம்பி அப்ஹம் போய் நாற்பது நாள் கடந்துவிட்டது. ஜனாஸா அடக்கத்துக்கு வந்து வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதில் எனக்குக் கோபமில்லை.

என் வீட்டுக்காரர்மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வந்து தங்கிய காம்பின் முதலாளியும் இவரை வழிகாட்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். குளத்தில் இறங்க வேண்டாமென்று வழிகாட்டி எச்சரிக்கவே இல்லை என்று நீ சொன்னதாகப் பொலிஸில் எழுதியிருக்கிறது. ரிஸ்லா, அந்தக் காலையில் நானும் பக்கத்தில் இருந்தேனே. நீ சுடுதண்ணீர் ஊற்றில் கால் நனைத்துக்கொண்டு இருந்தாய். தம்பி கழுத்துவரை இறங்கியிருந்தான். இவர் அவனிடம், "தம்பி, இதுல இருந்து எழும்பின கையோட குளத்துல எறங்கிறாதீங்க. அது பச்சத்தண்ணி, நெஞ்சப் புடிச்சிரும். ஒடம்பு ஆறட்டும்" என்றார். "சரி அண்ணே, நான் பாத்துக்கொள்றன்" என்றவள் நீதான்.

அதன் பிறகுதான் நாங்கள் தேநீர் வைக்கக் கூடாரத்துக்கு ஏறினோம். உன் சத்தம் கேட்டு இவர் உடுத்த உடுப்போடு குதித்தார். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுவரை ஓடினார். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல் என்றுதான் கேட்கிறேன்.

உன்,
ஷாமிளா

*

கொடகவெல
15.03.2024

ஷாமிளா,

கடிதம் கிடைத்தது.

உன் புருஷன் உன் வீட்டில் இருக்கிறார். என் தம்பி மண்ணுக்குள் இருக்கிறான். உம்மா அவனுடைய சேர்ட்டுகளை எடுத்து இஸ்திரி போடுகிறார், மடிக்கிறார், மறுநாள் திரும்பவும் எடுக்கிறார். "பாதுகாக்க வந்தவன் பாதுகாக்கல்ல" என்று சொல்லிச் சொல்லித்தான் அவருக்கு மூச்சே வருகிறது. அதையும் பிடுங்கச் சொல்கிறாயா?

இனி எழுத வேண்டாம்.

ரிஸ்லா

*

மேல் பிரிவு லயம்
02.04.2024

ரிஸ்லா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு தடவை மன்னித்துக்கொள்.

தேயிலைத் தோட்டத்தில் இவர் நடந்து போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அதையும் தாங்கிக்கொள்ளலாம். நேற்றுப் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவர் தலையைக்கூடத் துவட்டாமல் என்னிடம் கேட்டார்: "நான் சொன்னேன்தானே ஷாமிளா? இல்ல, சொன்னதா நானே நெனச்சிக்கிட்டு இருக்கேனா?"

"சொன்னீங்க, என் காதால கேட்டேன்" என்றேன். "நீ என் பொஞ்சாதி, அப்படித்தான் சொல்லுவ" என்றார்.

அவர் தன்னையே நம்பாமல் போய்க்கொண்டிருக்கிறார். நான் ஆயிரம் தடவை சொன்னாலும் பயனில்லை. நீ ஒரு தடவை சொல்ல வேண்டும். மே மாதம் இருபத்தோராம் தேதி வழக்கு.

ஷாமிளா

*

கொடகவெல
18.05.2024

ஷாமிளா,

உன் கடிதத்தை நாற்பது நாளுக்கு மேலாகத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன்.

உன் புருஷன் குமார் அண்ணன் அன்று சொன்னார். என் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் பொலிஸ் மாத்தயா கேட்டபோது, "வழிகாட்டி ஒண்டும் சொல்லல்ல" என்றார் என் கணவர். அவர் அப்போது தண்ணீர்ப் பக்கமே வரவில்லை, தெரியாமல்தான் சொன்னார். நான் தெரிந்தே தலையாட்டினேன்.

உனக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் மேலே ஏறியதும் தம்பி, "ராத்தா, அந்தக் கல்லு வரைக்கும் நீந்தட்டா?" என்றான். "பயமா? போடா, நான் வீடியோ எடுக்கிறன்" என்றேன். எடுத்தேன். அவன் கையைத் தூக்கியபோது விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அதில் இருக்கிறது.

நேற்று அதை உம்மாவுக்குக் காட்டினேன். கத்துவார், அடிப்பார் என்று இருந்தேன். எழும்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்று காலை பொலிஸுக்குப் போய் வீடியோவைக் கொடுத்து, புதிதாக வாக்குமூலமும் எழுதிக் கொடுத்தேன்.

அண்ணனிடம் சொல். அவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

ரிஸ்லா

*

மேல் பிரிவு லயம்
30.06.2024

ரிஸ்லா,

மே இருபத்தோராம் தேதியே இவரை விடுவித்துவிட்டார்கள். கோர்ட்டிலிருந்து வந்ததும், அன்று கிடைத்த உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை வாசித்தார். மடித்துத் தந்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு இப்ப பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா? நீ போய் ரெண்டு நாள் இருந்துட்டு வா" என்றார்.

அவருக்கு அந்த மனம் இருக்கிறது. எனக்கு இன்னும் வரவில்லை. அவர் தன்னைத் தானே சந்தேகித்த நான்கு மாதமும் நான் பக்கத்தில் படுத்திருந்தவள். உனக்காக அழுகிறேன், உன்மேல் கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

போன ஞாயிறு உடுத்திக்கொண்டு பலாங்கொடை டவுனுக்கு இறங்கினேன். கொடகவெல பஸ் நின்றது. கண்டக்டர், "ஏறுங்க அக்கா, இடம் இருக்கு" என்றான். பஸ் நகரும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பி மேலே வந்தேன். இவரிடம், நீ வீட்டில் இல்லை என்று பொய் சொன்னேன்.

உம்மா பேசாவிட்டாலும் நீ அவர் பக்கத்தில் போய் உட்கார். என்னை எதிர்பார்க்காதே.

ஷாமிளா