நடு நாற்காலி

அன்புள்ள உனக்கு,

நீ அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனது நல்லதாயிற்று. இன்று ‘லுத்தரன் சபையின் எதிர்காலம்’ என்று கூட்டம் போட்டார்கள். மேடையில் நடு நாற்காலி யாருக்கு என்று செயலாளரும் பொருளாளரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் ஒரு நர்ஸ் ஓடிவந்து, போதகர் அங்கியோடு நின்ற என்னிடம், “ஐயரே, எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குது. நற்கருணை கேக்கிறாரு” என்றாள்.

“உங்கப்பா எதிர்க்கோஷ்டி ஆளு. கூட்டம் முடியட்டும்” என்றார் செயலாளர்.

நான் அப்பத்தையும் திராட்சரசத்தையும் எடுத்துக்கொண்டு அவளோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

வாங்கிக்கொண்டபின் பெரியவர் கேட்டார்: “கோயிலுக்கு ஆளுங்க வர்றாங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இங்க மூணு பேரு இருக்கோம்” என்றேன்.

“போதுமே. ரெண்டு மூணு பேரு கூடினா ஆண்டவர் நடுவுல இருப்பாரே” என்று சிரித்தார்.

அந்த மேடையில் இனி ஏறமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு ஆராதனை அவர் வீட்டில்தான். அங்கே ஆர்மோனியம் இல்லை. நீதான் வந்து பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்