கூடத்து ஓவனில் சவுதி நேரம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து ஆடிக்காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கியது. குறுவைக்கு இரண்டாவது உரம் போட்டாகவேண்டும். ஆள் சொல்லியிருக்கிறேன். வருகிறோம் என்றார்கள், பார்ப்போம்.

பதினோரு மணிக்கு கார்கோ வண்டி. என் மனைவி மல்லிகா (இனி ம.) தம்மாமில் கப்பலில் போட்ட பெட்டிகள் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தன. ஆள் விமானத்தில் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

பிரித்ததில்:
ரைஸ் குக்கர் 1
கெட்டில் 1
ஜூஸ் மிக்ஸி 1
மைக்ரோவேவ் 1
கேக் சுடும் ஓவன் 1, ஆட்டுக்குட்டியை உள்ளே கட்டலாம், அவ்வளவு பெரிது
கம்பளி 6 (இந்த ஊர் வெயிலுக்கு!)
பேரீச்சம்பழம், பாதாம், தைலம்

பதினாலு வருஷம் சவுதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெட்டியைப் பிரிக்கும்போது மட்டும் பத்து வயசுப் பிள்ளை.

சமையலறையில் இடமில்லை என்றேன். இடம் இருக்கிறது. ஆனால் அது என் சமையலறை. இவள் போன நாளிலிருந்து மகள் கயலுக்குப் பொங்கிப்போட்டு வளர்த்தது அங்கேதான். எந்த டப்பா எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன். கடைசியில் ஓவன் கூடத்துக்குப் போனது. பவர் பிளக் அங்கேதான் இருக்கிறது, ஏ.சி.க்காகப் போட்டது. ஏ.சி. வரவே இல்லை.

எல்லாப் பிளக்கும் சதுர முள். அடாப்டர் வாங்கிவந்து சொருகினேன். பெட்டியில் 220-240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நம்ம வோல்ட்தான். கவலையில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷம் வரச்சொல்லிக் கேட்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். என்ன சொல்லட்டும் என்று ம. கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். சம்பாதித்தவள் அவள், வீடு கட்டியவள் அவள், நான் யார் தடுக்க? மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் கம்பளியை மடிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

உரம் போட்டாச்சு. நாலு பேர் சொன்னதில் மூன்று பேர் வந்தார்கள்.

மைக்ரோவேவில் பால் வைத்தாள். உறுமுகிறது. வண்டு செவிக்குள் புகுந்த மாதிரி. பின்பக்கம் தொட்டால் கொதிக்கிறது. அங்கே இப்படிச் சத்தம் போட்டதே இல்லை என்கிறாள். பிடுங்கி வைத்தேன்.

15ஆம் தேதி கயலின் பிறந்தநாள். திருச்சி ஹாஸ்டலிலிருந்து வருகிறாள். அதற்குக் கேக் செய்து பழகவேண்டுமாம். அங்கே கூடத் தங்கியிருந்த பிலிப்பினோ பெண் கற்றுக்கொடுத்தது. சாயந்திரம் ஐந்து மணிக்கு ஓவனைப் போட்டாள். அதில் முதலில் மணி வைத்தால்தான் சூடே ஏறுமாம், பீப் பீப் என்று ஏதோ அமுக்கினாள். நான் வாய்க்காலுக்குப் போய்விட்டேன். திரும்பிவந்தால் கேக் கருகல்.

அப்பறம் பார்த்துக்கலாம் என்றேன். "அங்க ஒரு தடவகூட கருகினதில்ல" என்றாள். இந்த "அங்க" காலையிலிருந்து ஏழாவது தடவை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எட்டு மணிக்கு வயலிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். ஓவன் கடிகாரத்தில் பச்சை எழுத்தில் 5:30.

முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இரண்டரை மணி நேரம் பின்னால். பதினாலு வருஷமாக போன் பண்ணுமுன் விரல்விட்டுக் கழித்த அதே இரண்டரை. இங்கே எட்டு என்றால் சவுதியில் ஐந்தரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நம்ம வீட்டுக் கூடத்தில் சவுதி நேரம் வைத்திருக்கிறாள்.

இட்லி இறங்கவில்லை. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்தேன். கரண்ட் வீண் என்று சாக்கு. ம. இட்லித் தட்டோடு நின்று ஓவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று ஐந்து மணிக்கு மறுபடி போட்டிருக்கிறாள். மறுபடி கருகல். உள்ளே மாவு சரி, மேலே தார் ரோடு. இரவு அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை.

காலை எட்டு மணி. ஓவனில் 5:30.

நான் அணைத்ததைப் பார்த்தும் மறுபடி அதே நேரம் வைத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? மனசு அங்கே போயாச்சு, உடம்பு மட்டும் இங்கே இருக்கிறது என்றுதானே? மறுபடி அணைத்தேன். கொஞ்சம் பலமாகவே.

மதியம், குழம்பு நான் வைக்கட்டுமா என்று கேட்டாள். நீ ரெஸ்ட் எடு என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. எதைச் சொன்னாலும் சுண்டுகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புழுக்கம். மழை வரும் வரும் என்று வராமல் போய்விட்டது. களை எடுக்க ஆள் இல்லை. கயலுக்குப் பணம் அனுப்பணும், செருப்பு தைக்கணும்.

மூன்று நாளாக அதே கதை. சாயந்திரம் அவள் போடுகிறாள், காலையில் சவுதி நேரம், நான் அணைக்கிறேன். வீட்டில் இரண்டு பேர், பேச்சு மட்டும் இல்லை.

கொல்லைப்பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே இருக்கும் சிநேகிதியிடம். காதில் விழுந்தது: "யோசிக்கிறேன் சிஸ்டர். இங்க எனக்கு வேலையே இல்ல. விருந்தாளி மாதிரி இருக்கேன்."

விருந்தாளியா? ராணி மாதிரி உட்காரவைத்துப் போடுகிறேன். அதுவும் குற்றம்.

படுக்கப் போகுமுன் சொன்னாள். "ஏதாவது சொல்லணும்னா வாயால சொல்லுங்க. இப்படி ஜாடை காட்டாதீங்க." என்ன ஜாடை காட்டினேன் நான்? செய்வதெல்லாம் அவள். தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு. சாயந்திரம் வாய்க்காலுக்குப் போகவில்லை. முதுகு வலி என்று சொல்லிக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். தைலம் வேறு தேய்த்துக்கொண்டேன், நம்பட்டும் என்று.

ஐந்து மணி. ம. வந்தாள். போனைப் பார்த்து ஓவனில் மணி வைத்தாள். எட்டிப் பார்த்தேன். 5:00. சரியான நம்ம நேரம்! மாவை உள்ளே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

என் போனில் ஆறு. ஓவனில் 5:50.

யாரும் தொடவில்லை. நானேதான் காவல். கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

போனில் ஏழு. ஓவனில் 6:40.

மணிக்குப் பத்து நிமிஷம் குறைகிறது, தானாக. விரலை விட்டேன். சாயந்திரம் ஐந்திலிருந்து காலை எட்டு வரை பதினைந்து மணி நேரம். பதினைந்து பத்து நூற்றைம்பது நிமிஷம். இரண்டரை மணி.

ஐம்பத்திரண்டு வயசில் ஒரு பெட்டியோடு சண்டை போட்டிருக்கிறேன்.

கேக் இன்றைக்கும் கருகல். அது கருகும்போது பக்கத்திலேயே இருந்தேன், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு. மூக்கு வேலை செய்யவில்லை. தைலம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலேயே திருக்காட்டுப்பள்ளி. பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றித்தரும் பாஸ்கரிடம் போனேன். ஓவனின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் போனில் படம் எடுத்துப்போனேன். ஒரு தடவை பார்த்தான், சிரித்தான்.

"வோல்ட் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதாண்ணே. ஹெர்ட்ஸ்தான் வேற. அங்க கரண்டு செகண்டுக்கு அறுபது சுத்து, நம்ம ஊர்ல அம்பது. இந்தக் கடிகாரம் அந்தச் சுத்தை எண்ணித்தான் ஓடுது. அறுபது எண்ணினாத்தான் அதுக்கு ஒரு செகண்டு."

அதனால்தான் பின்தங்குகிறது. நாற்பது நிமிஷம் என்று வைத்தால் அது நாற்பத்தெட்டு நிமிஷம் சுடுகிறது. கேக் கருகாமல் என்ன செய்யும். மற்றவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன்:

கெட்டில், ரைஸ் குக்கர்: வெறும் சூடு. பயமில்லை.
மிக்ஸி: கார்பன் பிரஷ் மோட்டார். ஓடும்.
மைக்ரோவேவ்: உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் அறுபதுக்குக் கட்டியது. உறுமும், சூடேறும். போடாதீங்க.
ஓவன்: சூடு சரி. மணியை மட்டும் நம்பாதீங்க.

வீட்டுக்கு வந்து ம.விடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் காவல் இருந்தது உட்பட. சவுதி நேரம் வைத்தது நீதான் என்று நினைத்தேன் என்றேன்.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் அஞ்சு மணிக்கு நம்ம நேரம் வச்சிட்டுப் போறேன். காலையில பாத்தா அந்த ஊர் நேரம். வீட்ல நம்ம ரெண்டு பேர்தான். நீங்கதான் மாத்தி வைக்கிறீங்கன்னு நெனச்சேன். கெளம்புன்னு வாயால சொல்லமுடியாம கடிகாரத்துல சொல்றீங்கன்னு."

"அணைச்சது?"

"இருக்கவே வேணாங்கிறீங்கன்னு."

இரண்டு பேரும் ஓவனைப் பார்த்தோம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எவ்வளவு நாள் ஆகிறது இவள் இப்படிச் சிரித்துப் பார்த்து.

அப்புறம் கேட்டாள். "சரி, அது கடிகாரம் பண்ணின வேலை. இப்ப நீங்க சொல்லுங்க. நான் போகவா, இருக்கவா?"

வாய் தானாகத் திறந்து, உன் இஷ்டம் என்றது.

எழுந்து உள்ளே போய்விட்டாள். மடையன். மடையன்.

ஆகஸ்ட் 13, புதன்

முறைத்தண்ணீர் வந்தது. மடை திறந்துவிட்டு வரப்பிலேயே நின்றேன். யோசனை வேறெங்கோ.

ஓவனுக்கு ஒரு அட்டை எழுதி ஒட்டினேன். 30 வேண்டுமென்றால் 25 வை. 40க்கு 33. 60க்கு 50. ம. படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு நீங்கள் போட்ட முதல் கணக்கு என்றாள். பேசினாளே, அது போதும்.

ஐந்து மணிக்குப் பரீட்சை. கேக் பொன்னிறம். நடுவில் லேசாகப் பள்ளம், ஆனால் பஞ்சு. பாதியை நானே தின்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கயல் வரும் நாள். மீன்காரர் நல்ல விரால் கொண்டுவந்தார். கொல்லையில் உட்கார்ந்து செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். ம. குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டி. முகத்தைப் பார்த்திருந்தால் வார்த்தை வந்திருக்காது.

"போவாத."

குழாயை நிறுத்தினாள். "என்னது?"

"போவாத மல்லிகா. தனியாப் பொங்கித் தனியாத் தின்னு அலுத்துப்போச்சு. நீ அங்க நல்லா இருக்கியேன்னு இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு நீ இங்க வேணும்."

கை முழுக்கச் செதில். மூக்கைத் துடைக்கக்கூட வழியில்லை. அவள் திரும்பவில்லை. குழாயை மறுபடி திறந்தாள். ஏற்கெனவே கழுவின சட்டியையே ரொம்ப நேரம் கழுவினாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கயல் மெலிந்திருக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாடு. கேக் வெட்டினாள். அம்மா செய்ததா, கடையில் வாங்கியதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ம.வுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா திரும்பப் போறாங்களா என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். நேற்று நான் சொன்னதற்கு ம. இன்னும் பதில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் நடமாடுகிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கயலைப் பஸ் ஏற்றிவிட்டோம். திரும்பி வரும்போது வண்டியில் ம. என் தோளில் கை வைத்துக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. பள்ளமாகவும் இருக்கலாம், ரோடு அப்படி.

தூறல். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

களை எடுக்க ஏழு பேர். அதிசயம்.

பதினோரு மணிக்கு அவளுக்குப் போன். ஆஸ்பத்திரி மேட்ரனாம். கூடத்திலேயே நின்று பேசினாள், நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தே. எல்லாம் இங்கிலீஷ்.

"ஸாரி மேடம். மை ஹஸ்பண்ட் இஸ் நாட் அலவிங்."

இந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். பதினாலு வருஷத்தில் ஒரு நாள்கூட இவளிடம் எதையும் கூடாது என்று சொன்னதில்லை நான். ஒரே ஒரு வார்த்தை, அதுவும் மீன் செதில் கையோடு. அதைக் கொண்டுபோய் ஒரு ஆஸ்பத்திரி முழுக்க என்னைக் கொடுமைக்காரப் புருஷன் ஆக்கிவிட்டாள். சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

இருந்துவிட்டுப் போகிறேன் கொடுமைக்காரனாக.

இன்றைக்குக் குழம்பு அவளுடையது. நான் சமையலறைக்குள் வரக்கூடாதாம். கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம். புளி எங்கே என்று கேட்டாள். சொல்லவில்லை. தேடட்டும், என்ன அவசரம்.