ஹெட்லி உடைத்த கற்கள்

டாரோ கிரீக்
4 செப்டம்பர் 1933

அன்புள்ள தம்பி சைலஸுக்கு,

நீ கேட்ட கல்லைச் சனிக்கிழமை ரயிலில் அனுப்பிவிட்டேன். கடையின் பின்சுவரில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கல்தான். ஆனாலும் அதைப் பிடுங்குவதற்குள் என் இடுப்பு போய்விட்டது. எதற்கென்று அடுத்த கடிதத்திலாவது எழுது.

கடை நடக்கிறது என்று பெயர். மாவு, தேயிலை, மண்ணெண்ணெய் தவிர வேறொன்றும் போவதில்லை. வேலை இல்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, தங்கம் கிடைக்குமா என்று ஓடையில் மண் அலசுகிறார்கள். போன வாரம் ஒருவன் நம் சுவரையே கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பண்றே?" என்றேன்.

"பல்லி ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சும்மா. பாவம், எடுத்து விடலாம்னு" என்றான்.

தேநீர் கொடுத்து அனுப்பினேன். விரட்டவும் தெம்பில்லை.

உன் இருமல் எப்படி இருக்கிறது? நீ எழுத மாட்டாய் என்று ரோடா தனியாக எழுதியிருந்தாள். நல்ல மனைவி உனக்கு.

அன்புடன் அக்கா,
லவ்டே

*

பெண்டிகோ
19 செப்டம்பர் 1933

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. அந்தக் கல்லைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். டன்னுக்கு அரை அவுன்ஸ் தங்கம் இருக்கிறதாம்! கல் அரைக்கும் மில் வைத்திருக்கும் பாஸ்கோ, கடையைப் பிரித்துச் சுவர்களை மொத்தமாக வாங்கிக்கொள்ளத் தயார். பரிசோதனைத் தாளைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்பா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்திருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும்.

சுரங்கத்துக் கழிவுக் கல்லைச் சும்மா அள்ளிவந்து கடை கட்டிய கஞ்சன் என்று அப்பாவை ஊரே கேலி செய்ததே, அந்தக் கஞ்சத்தனம் இன்று நமக்குக் கைகொடுக்கிறது பார்.

இனி மறைத்துப் பயனில்லை. டாக்டர் என் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் குழிக்குள்ள எறங்கினீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார். எல்லாம் சுரங்கத்துக் கல் தூசி. ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்குத் தரைக்கு மேலே யார் வேலை தருவார்கள்? இந்தப் பணம் வந்தால்தான் நான் இறங்காமல் இருக்க முடியும். நீ எங்களோடு வந்துவிடு. ரோடா சின்ன அறைக்கு வெள்ளை அடித்துவிட்டாள்.

உன்
சைலஸ்

*

டாரோ கிரீக்
26 செப்டம்பர் 1933

அன்புள்ள சைலஸ்,

அது கஞ்சத்தனம் இல்லை. உனக்கு அப்போது நான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு.

ஹெட்லி அண்ணன் வடக்குச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினேழு வயது. கீழே பாறை சரிந்தது. மூன்று நாள் தோண்டினார்கள். பிறகு கம்பெனி, போதும் என்று சுரங்கத்தின் வாயை மூடிவிட்டது. அவன் இன்னும் அங்கேதான் கிடக்கிறான். அதனால்தான் அவனுக்குக் கல்லறை இல்லை.

அவன் உடைத்துப் போட்ட கல்லெல்லாம் குவியலாக வெளியே கிடந்தது. ரோடு போடுவதற்காக அதை அள்ள வண்டிகள் வந்தன. அப்பா குறுக்கே போய் நின்றார். "எம்மவன் ஒடச்ச கல்லு மேல எவன் வண்டியும் ஓடக் கூடாது" என்றார். பதினான்கு மாதம் ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு அத்தனையையும் இழுத்து வந்து கட்டினார். முதல் கல்லை வைத்தபோது அம்மா அதைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஊருக்கு ஏன் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "சொன்னா வேடிக்கை பாக்க வருவானுங்க. கஞ்சன்னே சொல்லிட்டுப் போறானுங்க, விடு" என்றார். உனக்கும் சொல்ல வேண்டாம் என்றார்.

ஐம்பத்து மூன்று வருடமாக இந்தச் சுவருக்குள் தூங்கி எழுந்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை, தம்பி. என்மேல் வருத்தப்படாதே.

லவ்டே

*

பெண்டிகோ
3 அக்டோபர் 1933

அக்கா,

கல்லில் ஒன்றுமே இல்லை என்று பாஸ்கோவிடம் சொல்லிவிட்டேன். தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். உடைத்தது போக மீதிக் கல்லைத் திருப்பி அனுப்புகிறேன். இருந்த இடத்திலேயே வைத்துவிடு.

இத்தனை வருடம் அப்பாவைக் கஞ்சன் என்று சொல்லி நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதுதான் தாங்கவில்லை.

நேற்று முதல் மறுபடி இறங்குகிறேன். இருமல் பரவாயில்லை.

சைலஸ்

*

டாரோ கிரீக்
13 அக்டோபர் 1933

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கடப்பாரையை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே இருந்து ஒரு கல்லைப் பெயர்த்தேன். நேற்று ரயிலேறி நேரே பாஸ்கோவின் மில்லுக்குப் போனேன். உன் வீட்டுக்கு வந்திருந்தால் நீ தடுத்திருப்பாய்.

"உங்க தம்பி ஒண்ணுமில்லேன்னு சொன்னாரே?" என்றார் பாஸ்கோ.

"அவனுக்குப் பொய் சொல்லவும் சரியா வராது. நீங்களே அரைச்சுப் பாருங்க" என்றேன்.

அரைத்துப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ போட வேண்டிய தாள் இத்துடன் இருக்கிறது.

நம்மில் ஒருவன் ஏற்கெனவே மண்ணுக்கடியில் கிடக்கிறான். அவனுக்காகச் சுவரைக் காத்துக்கொண்டு உன்னையும் அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை. அப்பா இருந்திருந்தால் கடப்பாரையை என்னிடமிருந்து வாங்கி அவரே பெயர்த்திருப்பார். அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், ஆனாலும் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். நீ அனுப்பிய மீதிக் கல் வந்து சேர்ந்தது. அதை வைக்க இனி இங்கே இடம் இல்லாததால் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருக்கிறேன். பெட்டி கனமாக இருக்கும். ஸ்டேஷனுக்கு ஓர் ஆளை அழைத்து வா. நீ தூக்காதே.

உன் அக்கா,
லவ்டே