செம்பு அண்டாவின் சக்கை

ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் செம்மறிகளும்தான். "இந்த ஆடுங்களோட மாரடிக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷனுக்கே ஆட்டுத் தீவனம் கேட்டு எழுதுகிறேன், என் நேரம். மேய்ச்சல் நிலம் கட்டாந்தரையாகிவிட்டது. பிண்ணாக்கு யானை விலை குதிரை விலை. உங்கள் மது ஆலையில் தானியத்தை வடித்தபின் மிஞ்சும் சக்கையைச் சும்மாவே கொடுக்கிறார்களாமே? பால்காரர் மாடுகள் அதைத் தின்றுதான் கொழுத்திருக்கின்றன. முடிந்தால் ஒரு லாரி அனுப்புங்கள். முடியாவிட்டால் முடியாது என்றாவது எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஏப்ரல் 17

அன்புள்ள வாயாடிக்கு,

லாரி நாளை கிளம்பும். மூட்டைகளை நானே கட்டினேன். ஆட்டுக்கு ஆகுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "மாடு திங்குது, ஆடு திங்காதா?" என்றார். அதுவும் சரிதானே.

எனக்கு இங்கே வடிக்கிற செம்பு அண்டாவுக்குள் இறங்கித் தேய்க்கிற வேலை. என் மூஞ்சி எனக்கே தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். அறையில் மூன்று பேர் குறட்டை. வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது. சொல்ல வெட்கம்தான், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் புருஷன்

ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

ஆடுகள் தொட்டியை நக்கிக் காலி பண்ணுகின்றன. நீங்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த நெட்டைச்சிக்கு நன்றாக உடம்பு வைத்துவிட்டது, கண் வைக்காதீர்கள். கோபமெல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் கட்டிலில் உங்கள் பக்கம் குவிந்து கிடந்த துணிகளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். வருவதானால் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஜூலை 10

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. ஆகஸ்டு கடைசியோடு வேலையை விடுகிறேன். வந்தால் திரும்பிப் போக மாட்டேன். இன்னொரு லாரி சக்கை அனுப்பியிருக்கிறேன். கஞ்சத்தனம் பண்ணாமல் போடு.

அன்புடன்,
உன் புருஷன்

ஆகஸ்டு 4

அன்புள்ள உங்களுக்கு,

நெட்டைச்சி செத்துவிட்டது. அதோடு பாதிப் பட்டியும். கண்ணெல்லாம் மஞ்சள், மூத்திரம் கருங்காப்பி நிறம். டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தார்.

"செம்பு விஷம்மா. மாடு தாங்கும், செம்மறி தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா ஈரல்ல சேரும். வெளியே ஒண்ணும் தெரியாது, கொழுகொழுன்னு இருக்கும். ஒரு நாள் மொத்தமா விழுந்துடும்" என்றார். சக்கையில் செம்பு கலந்திருக்கும், வடிக்கிற அண்டா செம்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்கள்தான் எழுதியிருந்தீர்களே.

குழி தோண்டுகிற இயந்திரம் வந்து போனது. தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஆகஸ்டு 9

அம்மாடி,

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினமும் அந்த அண்டாவுக்குள்தானே நின்றேன், என் மரமண்டைக்கு எட்டவில்லையே. நாலு வார்த்தை திட்டி எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. சொன்னபடி மாதக் கடைசியில் வரட்டுமா?

உன் புருஷன்

ஆகஸ்டு 16

அன்புள்ள உங்களுக்கு,

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. நீங்கள் நல்லதற்குத்தான் செய்தீர்கள். நானும் கேட்டுத்தான் வாங்கினேன்.

மிச்ச ஆடுகள் பிழைக்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. சக்கையை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் சேர்ந்த செம்பு ஈரலிலேயே கிடக்கிறதாம். சின்னதாக ஒரு மிரட்சி போதுமாம், விழுந்துவிடும். "பழகின ஆளைத் தவிர யாரும் பட்டிக்குள்ள போகக் கூடாது. புது முகமே வேணாம்மா" என்றார். நானே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. உங்கள் முகம் தெரிந்தது நெட்டைச்சிக்கு மட்டும்தான். அதனால் இப்போது வர வேண்டாம். எப்போது என்றும் கேட்க வேண்டாம். ஆட்டுக்காகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிலில் உங்கள் பக்கம் மறுபடியும் துணி குவிந்துவிட்டது. வேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
மனைவி