பத்தொன்பதாம் பக்கத்து 'நாங்கள்'

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைதான், ஆனால் போன வாரம் வீடியோவில் உன் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தபிறகு நம்பத்தான் முடியவில்லை. கணிதப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிற உன் கட்டுரை, முப்பத்து நான்கு பக்கமும், சிவப்பு மையோடு இந்தக் கூரியர் உறைக்குள் இருக்கிறது. கூடவே நிரப்பித் தரச் சொன்ன சமர்ப்பிப்புப் படிவமும். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும் என்று சொன்னாய், அதற்கு இரண்டு நாள் முன்பே உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். ஐம்பத்தேழு வயதில் எதற்கு இந்த விஷப்பரீட்சை என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், அன்று முழுக்க எனக்குக் காப்பி கிடைக்கவில்லை. கற்றுக்கொடுக்கிறவர் முதல் நாள் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர், இப்போது வண்டியில் ஏறினால் வாயே திறப்பதில்லை, மேலே இருக்கிற கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் எடுப்பது மட்டும் அவளுக்குப் பிரமாதமாக வருகிறது. மருந்துக்கடைக்கு அப்படியே பின்னாலேயே போய்விட்டு வந்துவிடு என்றேன், அதற்கும் ஒரு நாள் காப்பி இல்லை. துணி துவைக்கிற இயந்திரம் சுற்றும்போது குளியலறை வாசல்வரை நடந்து வந்துவிடுகிறது, அடியில் ரப்பர் வைத்தும் அடங்கவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான்.

இனி உன் கட்டுரை. "கணக்கு புரியலேன்னா பரவாயில்லப்பா, கமா, அடைப்புக்குறி மட்டும் பாருங்க, உங்க அளவுக்கு யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பினாய். நகராட்சி கவுண்டரில் இருபத்தொன்பது வருடமாக அடுத்தவர் விண்ணப்பத்தில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருப்பேனா, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். திறந்த அடைப்புக்குறி மூன்று இடத்தில் மூடவே இல்லை. மேற்கோள் பட்டியலில் பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து வருகிறது, பதினாலு எங்கே போனதோ. இருபத்தாறாம் பக்கத்தில் ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை. கணக்கும் கொஞ்சம் புரிந்தது என்று சொன்னால் சிரிப்பாய். புள்ளிகளைக் கோட்டால் இணைத்த வலை, இணைந்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் பூசக்கூடாது, உன் வகை வலை எத்தனை பெரிதானாலும் ஐந்து நிறம் போதும். சரிதானே?

புரியாத ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மேலே ஒரே ஒரு பெயர், உன் பெயர். உள்ளே எங்கே பார்த்தாலும் ஆங்கிலத்தில் 'வீ' (we), 'வீ'. எண்ணினேன், நூற்று நாற்பத்து மூன்று. விண்ணப்பதாரர் ஒருவர், பேசுவது பலர் என்றால் எங்கள் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவோம். உன்னைத் தொலைபேசியில் கேட்டேன், "அது எங்க வழக்கம்ப்பா, எழுதுறவங்களையும் படிக்கிறவங்களையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்றது, நாம் சேர்ந்து நிரூபிக்கிறோம்னு" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் பக்கத்துக் கவுண்டர்காரரிடம், நாங்கள் வீட்டில் ஒரு தேற்றம் நிரூபித்துவிட்டோம் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நகல் ரெண்டு வச்சிருக்கீங்களா சார்?" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு 'வீ'க்கும் மேலே பென்சிலால் 'நாம்' என்று போட்டுப் பார்த்தேன். நாம் காண்கிறோம், பொருந்தியது. நாம் எடுத்துக்கொள்வோம், பொருந்தியது. நூற்று நாற்பத்திரண்டு இடத்தில் பொருந்தியது. பத்தொன்பதாம் பக்கத்தில், நான்காவது துணைத்தேற்றத்துக்கு மேலே ஒரு வாக்கியம், ஐந்து நிறம் போதாது என்றே நீண்ட காலம் நம்பியிருந்தோம் என்று. அங்கே மட்டும் பொருந்தவில்லை. நான் எங்கேம்மா நம்பினேன்? எனக்கு ஐந்தும் ஒன்றுதான் ஐம்பதும் ஒன்றுதான். படிக்கிறவனுக்கு அந்த நம்பிக்கையில் பங்கே இல்லை. அந்த இடத்தில் 'நாங்கள்' என்றுதான் போட முடியும். ஆங்கிலத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டுக்கும் ஒரே சொல். நமக்குத் தெரியும். அப்படியானால் அந்த நாங்கள் யார் யார்?

உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குண்டூசி. உன்கூட ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, இரண்டு விடுமுறைக்கு உன்னோடு நம் வீட்டுக்கே வந்து தங்கியவள், அந்த உடம்புக்கும் அந்த மூளைக்கும் நீ வைத்த பெயர்தானே அது. சாப்பாட்டு மேசை முழுக்கக் கலர் பென்சிலைப் பரப்பிக்கொண்டு, ஐந்து நிறத்தில் அடங்காத வலை ஒன்றை இரண்டு பேரும் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தீர்கள். ஒரு மத்தியானம் அவள் எழுந்து போய் பிரிட்ஜ் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து அரைமணி நேரம் நின்றாள். அம்மா பால் எடுக்க முடியாமல் பின்னாலேயே காத்துக்கொண்டு நின்றாள். திடீரென்று குண்டூசி திரும்பி, "இல்லாத ஒண்ணைத்தான் நாம தேடிக்கிட்டிருக்கோம்டி, அஞ்சே போதும்" என்றாள். மருந்துப் புட்டிமேல் எழுத அம்மா வைத்திருந்த அழியாத பேனாவை எடுத்து அந்தக் கதவிலேயே எட்டு வரி எழுதினாள். நீ நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய் அவளைக் கட்டிக்கொண்டாய். அம்மா ஸ்பிரிட் போட்டுத் தேய்த்ததில் ஆறு வரி போயிற்று, கடைசி இரண்டு வரி இன்னும் இருக்கிறது. உன் பத்தொன்பதாம் பக்கத்துத் துணைத்தேற்றத்தை அதன் அருகில் பிடித்து, கவுண்டரில் கையெழுத்து ஒத்துப்பார்ப்பதுபோல ஒவ்வொரு குறியாக ஒத்துப்பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை.

கட்டுரையில் அவள் இல்லாமல் இல்லை. கடைசிப் பக்கத்தில், பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி என்று எட்டுப் பேர், எட்டாவதாக அவள். கருத்தரங்கில் உனக்கு அறை ஒதுக்கிக் கொடுத்தவருக்கும் பின்னால். உன் கோபம் எனக்குத் தெரியாததில்லை. பாதியில் ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலைக்குப் போனாள், "நட்டாத்துல விட்டுட்டுப் போனவப்பா" என்று நீ அழுதாய், அன்றோடு உங்களுக்குள் பேச்சு நின்றது. அதன்பிறகு மூன்று வருடம் தனியாக நின்று மிச்சத்தை எல்லாம் முடித்தவள் நீ. அந்த உழைப்பில் ஒரு குன்றிமணி அளவும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிரந்தர வேலைக்கான தேர்வுக் குழு, தனிப் பெயரில் ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தெரியும், இதை விட்டால் இந்த வருடம் வேறு கட்டுரை உன்னிடம் இல்லை என்பதும் தெரியும். இரண்டு பெயர் போட்டால் அந்த வேலை கை நழுவிப்போகலாம். உன் வாழ்க்கை விஷயத்தில் சிவப்புப் பேனாவை நீட்டுகிறோமே என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது. தொலைபேசியில் பேசினால் உன் குரலைக் கேட்டு மழுப்பிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

படிவத்தில் உறுதிமொழிக் கட்டங்கள் பன்னிரண்டு. வேறு எங்கும் அனுப்பவில்லை, எங்கிருந்தும் எடுக்கவில்லை என்று பதினொன்றுக்கு டிக் போட்டுவிட்டேன். கட்டுரை ஆசிரியர்களாக இருக்கத் தகுதியுள்ள அனைவரின் பெயரும் சேர்க்கப்பட்டுள்ளது என்கிற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது நீ போட வேண்டியது. பத்தொன்பதாம் பக்கத்திலும் சிவப்பு மை கிடையாது, ஏனென்றால் அங்கே பிழை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கட்டுரையைப் பதினாலு தடவை திருத்தி எழுதினேன் என்றாய். தலைப்பை மாற்றினாய், முன்னுரையை மாற்றினாய், அவள் பெயரைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோனாய். அந்த ஒரு வாக்கியத்தை அடித்திருந்தால் நான் தலைகீழாக நின்றாலும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. நீ அடிக்கவில்லை. அதை விட்டுவைத்துக்கொண்டு, ஊரிலேயே பெரிய நச்சரிப்புக்காரனிடம் சரிபார்க்க அனுப்பினாய். நீ என் மகள் என்று எனக்கு இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

எந்தப் பெயரில் போனாலும் கட்டுரை நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், படிக்கிறவர்கள் மெச்சட்டும், இந்த வேலை இல்லாவிட்டால் இதைவிட நல்ல வேலை உன்னைத் தேடி வரட்டும். அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். தூங்கு. தண்ணீர் குடி. அந்தப் பதினாலாவது மேற்கோளை மறக்காமல் சேர்த்துவிடு. உங்கள் துறையில் பெயர்களை அகரவரிசையில்தான் போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய், இரண்டு பெயரும் போட்டால் அவள் பெயர்தான் முதலில் வரும், அதனால் குடி முழுகிப் போகாது. அவள் தொலைபேசி எண் மாறவில்லை. உன்னிடம் இதுவரை மறைத்துவிட்டோம், வருடா வருடம் அவள் பிறந்தநாளுக்கு அம்மா கூப்பிட்டுப் பேசுகிறாள். ஒவ்வொரு தடவையும் அவள் முதலில் கேட்பது, "அவ பேப்பர அனுப்பிட்டாளா ஆன்ட்டி?" என்றுதானாம். இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவள் வாயில் 'எங்க பேப்பர்' என்று வந்ததில்லையாம்.

இப்படிக்கு,
உன் அப்பா